பல்லை ராவ வேண்டாமுங்க

தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் நெருங்க நெருங்க, கோவை கணபதியில் இருக்கும் என் கிளினிக்குக்கு ஒரே கோரிக்கையோடு ஆட்கள் வருவார்கள். "டாக்டரம்மா, புள்ளைக்கு அடுத்த மாசம் கண்ணாலமுங்க. முன்னாடி நாலு பல்லையும் ராவிட்டுக் கேப் போட்டு உட்ருங்க" என்பார் பெண்ணின் அம்மா. பெண் வாயைத் திறந்தால் பெரும்பாலும் பெரிய கோளாறு எதுவும் இருக்காது. நடுப்பற்களுக்கு இடையே ஒரு சந்து, சின்ன வயதில் விழுந்து உடைந்த ஒரு முனை, இல்லாவிட்டால் பழுப்புக் கோடு. இதற்கா நாலு பல்லை வெட்டுவது?

கேப், அதாவது பல்லை மூடும் உறை, போட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டராவது ராவ வேண்டும். கேட்பதற்குச் சின்ன அளவுதான். ஆனால் ஒரு முன்பல்லில் ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியில் பாதிக்கும் மேல் அதில் போய்விடும். எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், போன எனாமல் திரும்ப வளராது. இளவயதில் கேப் போட்டவர் ஆயுளுக்குள் அதை மாற்றவும் வேண்டியிருக்கும். வேர் சிகிச்சை செய்து பலவீனமான பல், பெரிய சொத்தை விழுந்த பல் என்றால் கேப் சரி. நல்ல பல்லுக்கு முதலில் யோசிக்க வேண்டியது காம்போசிட் பாண்டிங்.

காம்போசிட் என்பது பிசினும் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த, பல் நிறக் களிம்பு. அதைப் பல்லின் மேல் ஒட்டி, வடிவம் கொடுத்து, நீல ஒளியில் இறுக வைப்பதே பாண்டிங். இது ஒட்டுவதற்கான வித்தை கோவைக்காரர்களுக்குப் புதிதல்ல. என் அப்பா ஆவாரம்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் பெயின்ட் பிரிவில் இருந்தவர். ஆசிட்டில் கழுவாத இரும்பில் பெயின்ட் நிற்காது என்பது அங்கே முதல் பாடம். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனோகோர் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் பிடித்துக்கொண்டதும் இதே நூல்தான். தொழிற்சாலைகளில் பெயின்ட் பிடிப்பதற்காக உலோகத்துக்குப் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதை அறிந்த அவர், அந்த அமிலத்தைப் பல் எனாமலில் 30 விநாடி வைத்துப் பார்த்தார். பிசின் முன்னைவிட உறுதியாக ஒட்டியது. அவர் இதை வெளியிட்டது 1955-ல். 1962-ல் ராபேல் போவன் என்பவர் பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பாண்டிங் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

எங்கள் நாற்காலியில் நடப்பது இதுதான். முதலில் கறை எடுத்துச் சுத்தம் செய்வோம். பிறகு நிறம் பார்ப்போம். இதை ஆரம்பத்திலேயே, பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். வாய் திறந்தபடி இருந்தால் பல் காய்ந்து, இருப்பதைவிட வெள்ளையாகத் தெரியும். அப்போது நிறம் பார்த்தால் ஒட்டியது தனியாகக் காட்டிக் கொடுத்துவிடும். லிப்ஸ்டிக்கையும் துடைக்கச் சொல்வேன். அடுத்து, எச்சில் படாமல் ரப்பர் திரையோ பஞ்சோ வைத்து, 37 சதவீதப் பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி தடவிக் கழுவுவோம். காய்ந்ததும் எனாமல் சுண்ணாம்பு பூசியது போல் வெளுக்கும். அமிலம் அதில் அரித்த, கண்ணுக்குத் தெரியாத குழிகளுக்குள் பசை இறங்கும். அதன் மேல் காம்போசிட்டை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் ஒளியில் இறுக்குவோம். ஒரு அடுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அடி சரியாக இறுகாது. கடைசியில் கடிமானம் பார்த்து மெருகேற்ற வேண்டும். சந்து அடைப்பதற்குப் பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது.

பழுப்புக் கோட்டுக்காரர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கமிருந்து படிப்புக்கும் வேலைக்கும் இங்கே வந்தவர்கள் பலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த கோவைக்காரர்கள், "பல்லே வெளக்க மாட்டியா?" என்று அவர்களைக் கேட்டிருப்பார்கள். விளக்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாறையிலிருந்து போர்வெல் தண்ணீரில் கரைந்து வரும் ஃப்ளோரைடு செய்த வேலை அது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை என்பது இந்தியத் தர அளவு. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தை குடித்து வளர்ந்தால், தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் எனாமல் கெட்டுப்போய்ப் பல் கறையோடுதான் முளைக்கும். முன்பற்களின் எனாமல் முதல் சில வருடங்களிலேயே முடிந்துவிடுவதால், பெரியவரான பிறகு ஊர் மாறினாலும் கோடு மாறாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது இதற்காகவும்தான். நல்ல தண்ணீர் அடுத்த தலைமுறையின் பல்லைக் காக்கும். ஏற்கெனவே கறை விழுந்தவர்களுக்கு லேசான கறை என்றால், அமிலமும் நுண்பொடியும் கலந்து தேய்க்கும் மைக்ரோ அப்ரேஷனே போதும். ஆழமாக இருந்தால்தான் காம்போசிட். ஃப்ளோரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. கூடுதல் நேரம் வைக்கவோ மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்கவோ வேண்டும்.

இனி குறைகள். காம்போசிட் கேப்பைப் போல உறுதியானதல்ல. பொதுவாக ஐந்து முதல் ஏழு வருடங்களுக்குள் ஒரு திருத்தம் தேவைப்படும். காபி, வெற்றிலை, புகையிலை எல்லாம் இதில் கறை ஏற்றும். ஈரோட்டு மஞ்சள் இன்னும் மோசம். ஒட்டிய முதல் இரண்டு நாள் குழம்பில் மஞ்சளைக் குறையுங்கள் என்று சொல்வேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டாக வேண்டும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கும், ஈறு வீங்கி ரத்தம் வருபவர்களுக்கும் அதைச் சரிசெய்யாமல் ஒட்டுவதில்லை. பல் வரிசையே கோணலாக இருந்தால் கம்பி போடுவதுதான் முறை.

ஆனால் காம்போசிட் உடைந்தால் உடைந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வைத்துச் சரிசெய்துவிடலாம். ராவிய பல்லுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், விலையைக் கேட்கும் முன் "இதுக்கு என் பல்லுல எவ்வளவு போகுமுங்க?" என்று கேளுங்கள்.

பற்களை வெளுக்கவும் ஆசை இருந்தால் அதை முதலில் முடித்துவிட வேண்டும். ஒட்டிய காம்போசிட் பிறகு வெளுக்காது. வெளுத்த கையோடு ஒட்டினால் பிடிப்பும் குறையும்; இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். ஒட்டிய பிறகு ஒருமுறை வந்து மெருகும் பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் அன்றே பல்லையும் காட்டிவிடுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தின நாள் வந்தால் கறை எடுத்து அனுப்பத்தான் எங்களால் முடியும்.