வேனில் ஸ்டீரியோ: மூன்று ஒயர்களைக் கவனிப்போம்

கடலூரில் சரக்கேற்றிச் சிதம்பரம் போகும் நம் வேன்களில் பாட்டுக்காக ஸ்டீரியோ பொருத்துகிறோம். காலையில் பேட்டரி இறங்கி வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய வியாபாரம் கெட்டது.

பெரும்பாலான செட்டுகளில் மஞ்சள் ஒயரை பேட்டரியின் 12 வோல்ட்டில் நேரே இணைக்க வேண்டும், சிவப்பை, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில், கறுப்பை எர்த்தில். சிவப்பையும் பேட்டரியில் நேரே கொடுத்தால், செட்டை அணைக்க மறந்த இரவில் பேட்டரி காலி. மஞ்சளும் சிவப்பும் மாறினால், சாவியை எடுத்ததும் பதிந்த ஸ்டேஷன்கள் அழியும்.

பாட்டு விட்டுவிட்டு வந்தால் எர்த்தைப் பார்ப்போம். கடலோர உப்புக்காற்றில் அது துருப்பிடிக்கும். சுரண்டி இறுக்கினால் சரியாகும்.

பியூஸ் போனால் செம்புக் கம்பி சுற்ற வேண்டாம். ஒயர் தீப்பிடித்தால் சரக்கும் வண்டியும் மிஞ்சாது. காரணத்தைச் சரிசெய்து, அதே ஆம்பியர் பியூஸையே போடுவோம்.