வீட்டுச் சேவையகமும் ஆள்களப்பெயரும்: தொழில்நுட்பமும் உரிமையும் பற்றிய சில குறிப்புகள்

இணையத்தைப் பற்றி நம்மிடையே நிகழும் கலந்துரையாடல்கள் பெரும்பாலும் அதில் வெளியாகும் விடயங்களைப் பற்றியனவாகவே அமைந்துவிடுகின்றன. அவ்விடயங்கள் எவருடைய இயந்திரத்தில் வைக்கப்பட்டுள்ளன, எவருக்கு உரித்தான பெயரின்கீழ் வாசகரைச் சென்றடைகின்றன என்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. பழைய சஞ்சிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் எண்ணிமப் படிகளாக்கிச் சேர்த்து வைத்திருக்கும் ஆய்வாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தமது தொகுப்பைப் பெருநிறுவனமொன்றின் இலவச இடத்தில் ஏற்றிவிட்டால், அந்நிறுவனம் தன் கொள்கையை மாற்றும் நாளில் அது மறைந்துபோகலாம். அதனைச் சுட்டி எழுதப்பட்ட ஆய்வுக் குறிப்புகள் யாவும் பயனற்றனவாகிவிடும். இதற்கு மாற்றாகத் தமது வீட்டிலுள்ள கணினியொன்றையே சேவையகமாக இயக்குவோர் உளர். அத்தகைய சேவையகத்திற்கு ஆள்களப்பெயர் அமைக்கும் முறையை விளக்குவதும், அம்முறையினுள் அடங்கியிருக்கும் உரிமைப் பிரச்சினையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. பெயர்முறையின் தோற்றம்

கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே இனங்காண்கின்றன. பெயர் என்பது மனிதரின் தேவையாகும். இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் வலையமைப்பில், எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே பட்டியல், கலிபோர்ணியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் பெயின்லர் தலைமையிலான குழுவினராற் பேணப்பட்டு வந்தது. ஏனைய நிலையங்கள் அதனைப் பிரதிசெய்துகொண்டன. கணினிகளின் தொகை பெருகியபோது ஒரே பட்டியல் என்னும் ஏற்பாடு நின்றுபிடிக்க இயலாததாயிற்று. 1983ஆம் ஆண்டிற் போல் மொக்கபெற்றிஸ் வகுத்தளித்த ஆள்களப்பெயர் முறை இந்நெருக்கடியின் விளைவே. 1987ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட அதன் வரையறைகளே இன்றும் அடிப்படையாக உள்ளன.

இம்முறையின் சிறப்பு அதிகாரப் பகிர்வில் தங்கியுள்ளது. எந்த ஓர் இடத்திலும் முழுப் பட்டியல் இல்லை. 'ஏடு.இலங்கை' என்ற கற்பனைப் பெயரொன்றை ஒருவர் தேடுகிறார் எனக் கொள்வோம். அவரது சார்பில் வினவும் கணினி முதலில் வேர்ச் சேவையகத்தை அணுகும். வேர்ச் சேவையகம் விடையை அறியாது, '.இலங்கை' என்பதற்குப் பொறுப்பானவர் இன்னார் என்று மட்டுமே கூறும். அப்பொறுப்பாளரும் 'ஏடு' என்பதற்குப் பொறுப்பான பெயர்ச் சேவையகத்தைச் சுட்டிவிடுவார். இறுதியாக அப்பெயர்ச் சேவையகமே எண்ணைக் கூறும். பெறப்பட்ட விடை குறித்த கால எல்லைவரை நினைவில் வைத்துக்கொள்ளப்படும். தபால் ஊழியர் ஒருவர் நாடு, மாவட்டம், கிராமம், வீடு என்று முகவரியை இறுதி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பதற்கு இச்செயற்பாடு ஒப்பானதாகும்.

இலங்கைக்குரிய 'எல்.கே.' என்னும் ஆள்களம் 1990ஆம் ஆண்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகச் சூழலிலிருந்தே தொடங்கப்பெற்றது. தமிழ் எழுத்தில் அமைந்த '.இலங்கை' 2010ஆம் ஆண்டில், சிங்கள எழுத்திலமைந்த அதன் இணையுடன் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் ஓர் உண்மையை இங்கு மறைத்தலாகாது. பெயர்முறையின் அடித்தளம் உரோம எழுத்துகளை மட்டுமே கருதி அமைக்கப்பட்டதாகும். தமிழ்ப் பெயரொன்று 2003ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட குறியீட்டு முறையினால் உரோம எழுத்துத் தொடராக உருமாற்றப்பட்ட பின்னரே பதிவேட்டில் இடம்பெறுகிறது. வாசகர் தமிழைக் காண்கிறார். இயந்திரமோ உரோம எழுத்தையே காண்கிறது. தமிழ்ப் பெயர்களை ஏற்க மறுக்கும் மென்பொருள்களும் படிவங்களும் இன்றும் உள்ளமையால், தமிழிலும் உரோம எழுத்திலும் பெயர்களைப் பதிந்து, இரண்டையும் ஒரே சேவையகத்துக்குச் சுட்டுதல் நடைமுறைக்கு உகந்தது.

2. பதிவும் பொறுப்பும்

பெயர்ப் பதிவில் மூவர் சம்பந்தப்படுகின்றனர். ஆள்களத்தின் மூலப் பதிவேட்டைப் பேணும் பதிவகம் ஒன்று. பொதுமக்களிடம் விண்ணப்பம் பெறும் பதிவாளர் மற்றொன்று. பெயரைப் பெறும் பதிவுதாரர் மூன்றாமவர். சில நாட்டு ஆள்களங்களில் முதலிரு பணிகளையும் ஒரே நிறுவனம் ஆற்றுவதுமுண்டு. பெயரை 'வாங்குதல்' என்பது பேச்சு வழக்கே. உண்மையில் நிகழ்வது குத்தகையாகும். குறித்த ஆண்டுகளுக்குக் கட்டணம் செலுத்தப்படுகிறது. தவணை கடந்தால் பெயர் கைநழுவும். பல பொது ஆள்களங்களில், நீக்கப்பட்ட பெயரை மேலதிகக் கட்டணம் செலுத்தி 30 நாட்களுக்குள் மீட்கும் வாய்ப்புண்டு; அதன் பின்னர் எவரும் அதனைப் பதிந்துகொள்ளலாம்.

ஆகவே சங்கங்களும் சஞ்சிகைகளும் ஒரு விடயத்திற் கவனமாயிருத்தல் வேண்டும். தளத்தை அமைத்துக் கொடுத்த நண்பரின் பெயரிலோ, ஓராண்டு மட்டும் பதவி வகிக்கும் செயலாளரின் சொந்த மின்னஞ்சலிலோ பெயரைப் பதிந்துவிட்டால், அவர் விலகும்போது பெயரும் அவருடன் போய்விடக்கூடும். பதிவுதாரராக அமைப்பையே குறிப்பிட்டு, அறிவித்தல்கள் இருவருக்கேனும் சென்றடைய ஒழுங்குசெய்தல் நன்று.

பதிவு முடிந்ததும் பெயர்ச் சேவையகங்களைக் குறிப்பிட வேண்டும். வீட்டுக் கணினியையே பெயர்ச் சேவையகமாகவும் கொள்ளும் ஆவல் எழுவது இயல்பே. ஆனால் ஓர் ஆள்களத்தின் பெயர்ச் சேவையகங்கள் குறைந்தது இரண்டாக, வெவ்வேறு இடங்களிலும் வலையமைப்புகளிலும் இருத்தல் வேண்டுமென்பது நெடுங்கால விதந்துரையாகும். வீட்டில் மின்சாரம் தடைப்படும்போது சேவையகம் நிற்பதுடன் பெயருக்கு விடை கூறுவாரும் இல்லாதொழிவது விரும்பத்தக்கதன்று. எனவே பெயர்ச் சேவையைப் பதிவாளரிடமோ வேறொரு நிலையத்திலோ விட்டு, ஆவணங்களை மட்டும் வீட்டில் வைத்திருத்தலே பொருந்தும்.

பெயர்ச் சேவையகத்தில் எழுதப்படும் பதிவுகள் பலவகைப்படும். 'ஏ' பதிவு பெயரைப் பழைய முறை எண்ணுடன் இணைப்பது. 'நான்கு ஏ' பதிவு ஆறாம் பதிப்பு எண்ணுடன் இணைப்பது. 'சீநேம்' பதிவு ஒரு பெயரை மற்றொரு பெயருக்குச் சுட்டுவது. ஆள்களத்தின் தலைப்பெயருக்குச் 'சீநேம்' எழுதலாகாது. ஒவ்வொரு பதிவுக்கும் கால எல்லையொன்று உண்டு. எண் அடிக்கடி மாறக்கூடிய வீட்டுச் சேவையகத்திற்கு 300 வினாடி போன்ற குறுகிய எல்லை ஏற்றது. 86400 வினாடி எனக் குறித்தால், எண் மாறிய பின்னரும் ஒரு நாள்வரை வாசகர் பழைய எண்ணுக்கே அனுப்பப்படுவர்.

3. முகவரியுடையோரும் முகவரியற்றோரும்

இனி, சுட்டவேண்டிய எண் யாது என்னும் வினா எழுகிறது. வீட்டுக் கணினியில் 192.168 என்று தொடங்கும் எண் காணப்படின், அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாவது. வெளியுலகு அறியும் எண் ரவுட்டருக்கே வழங்கப்படுகிறது. அது நிலையானதாகவும் இருப்பதில்லை; சேவை வழங்குநர் அதனை மாற்றக்கூடும். இதற்காகவே இயங்குநிலைப் பெயர்ச்சேவை என்னும் முறை பயன்படுகிறது. வீட்டிலுள்ள சிறிய நிரலொன்று வெளி எண்ணைக் கண்காணித்து, மாற்றம் நிகழ்ந்தவுடன் பெயர்ப் பதிவைத் திருத்திவிடும். பின்னர் ரவுட்டரில் 80, 443 ஆகிய வாயில்களுக்கு வரும் அழைப்புகளைச் சேவையகத்துக்குத் திருப்பிவிட வேண்டும். தேவையற்ற வாயில்களைத் திறவாது விடுதலே பாதுகாப்பின் முதற்படியாகும்.

எனினும் இவ்வளவும் செய்த பின்னரும் வெளியிலிருந்து எவராலும் சேவையகத்தை அடைய முடியாத நிலை ஏற்படுவதுண்டு. ரவுட்டரின் வெளிப்புற எண்ணையும், வெளித் தளமொன்று நம்மைக் காணும் எண்ணையும் ஒப்பிட்டால் காரணம் புலனாகும். இரண்டும் வேறுபட்டு, ரவுட்டரின் எண் 100.64 முதல் 100.127 வரையான தொகுதியுள் அமைந்திருப்பின், ஒரே பொது எண்ணைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்பது பொருள். அவ்வீடுகளிலிருந்து வெளியே செல்லலாம். வெளியிலிருந்து அவற்றினுள் வர இயலாது.

இது வெறும் தொழில்நுட்பக் கோளாறன்று, வரலாற்றின் விளைவு. நான்காம் பதிப்பு முறையில் உள்ள எண்கள் ஏறத்தாழ 429 கோடியே. ஆரம்ப காலத்தில் அவை தாராளமாகப் பங்கிடப்பட்டன. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று மட்டும் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் அதிகமான எண்களை நெடுங்காலம் தன்வசம் வைத்திருந்து, 2017ஆம் ஆண்டில் ஒரு பகுதியை விற்கத் தொடங்கியது. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பிராந்தியம் பங்கீட்டு நிலைக்கு வந்தது. முந்தி வந்தோர் முகவரியுடையோராயினர். பிந்தி வந்தோர் பகிர்ந்துகொள்வோராயினர். சமநிலையுடைய கணினிகளின் கூட்டாகக் கருதப்பட்ட வலையமைப்பில், ஒரு சாரார் நுகர்வோராக மட்டும் இருக்குமாறு விடப்பட்டமை இவ்வாறே நிகழ்ந்தது.

இதற்குப் பரிகாரங்கள் இல்லாமலில்லை. 128 இருமிகளைக் கொண்ட ஆறாம் பதிப்பு எண்ணைச் சேவை வழங்குநர் தருவாராயின் ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி கிடைக்கும். ஆனால் நான்காம் பதிப்பை மட்டுமே கொண்ட வாசகர் அங்கு வர இயலார். நிலையான பொது எண்ணொன்றைக் கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறுவது இரண்டாவது வழி. வெளியே சிறு சேவையகமொன்றை வாடகைக்குப் பெற்று, அதற்கும் வீட்டுக்குமிடையே மறைகுறியாக்கப்பட்ட சுரங்கப்பாதை அமைப்பது மூன்றாவது. இதில் ஆவணங்கள் வீட்டிலேயே இருக்கும். வெளிச் சேவையகம் வாயிற்காப்போனாக மட்டும் தொழிற்படும்.

வேறு சிலவும் மனங்கொள்ளத்தக்கவை. வெளியிலிருந்து இயங்கும் பெயர் வீட்டினுள்ளிருந்து இயங்காதிருப்பின் சேவையகம் பழுதென முடிவுசெய்தலாகாது. சில ரவுட்டர்கள் உள்ளிருந்து வெளிச்சென்று மீளும் அழைப்பைத் திருப்புவதில்லை. பாதுகாப்பான இணைப்புக்குரிய சான்றிதழை 'லெற்ஸ் என்கிரிப்ற்' என்னும் இலாபநோக்கற்ற அமைப்பிடமிருந்து இலவசமாகப் பெறலாம். அதன் ஆயுள் குறுகியதாகையாற் புதுப்பித்தலைத் தன்னியக்கமாக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற பெயர்கள் பகிரங்கப் பதிவேடுகளில் இடம்பெறும் என்பதால் இரகசியமாக இருக்கவேண்டியதைப் பெயரில் வைத்தலாகாது. மின்னஞ்சற் சேவையகத்தை வீட்டில் நடத்துவதோ பெரும்பாலும் வீண் முயற்சி. எண்ணிலிருந்து பெயரைக் காணும் எதிர்ப்பதிவு சேவை வழங்குநரின் கையிலிருப்பதால், அத்தகைய அஞ்சல்களைப் பலர் ஏற்பதில்லை.

4. பெயர் யாருடையது?

மேற்கூறியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. எண் சேவை வழங்குநருடையது. வீடு மாறினால் மாறும். கணினி பழுதடையும். பெயர் ஒன்றே இம்மாற்றங்களைக் கடந்து உடன்வரத்தக்கது. வாசகரும் ஆய்வாளரும் சுட்டிய பெயர் பதிவுதாரரின் கையில் இருக்கும்வரை, ஆவணங்களை எந்த இயந்திரத்துக்கு மாற்றினும் சுட்டுகை பிழைபடாது. ஆள்களப்பெயரின் மெய்யான பயன் இதுவேயாகும்.

ஆயின் அப்பெயரும் முற்றுரிமையுடைய சொத்தன்று. இலாபநோக்கற்ற அமைப்புகள் பெரிதும் பயன்படுத்தும் 'ஓ.ஆர்.ஜி.' ஆள்களத்தின் கட்டண உச்சவரம்பு 2019இல் நீக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அதன் பதிவகத்தைத் தனியார் முதலீட்டு நிறுவனமொன்று 113 கோடி டொலருக்கும் அதிகமான தொகைக்கு வாங்கும் திட்டம் வெளிவந்தது. உலகெங்குமிருந்து எழுந்த எதிர்ப்பின் பின்னர், 2020 ஏப்ரல் 30ஆந் திகதி, பெயர்முறையை ஒருங்கிணைக்கும் 'ஐகான்' அமைப்பு அதற்கு இணங்க மறுத்தது. பெயர்களைப் பயன்படுத்திய அமைப்புகள் ஒன்றுபட்டுக் குரலெழுப்பியமை அம்முடிவில் ஆற்றிய பங்கைக் குறைத்து மதிப்பிடுதல் இயலாது.

எனவே வீட்டுச் சேவையகம் பூரண சுதந்திரத்தைத் தரும் என்பது மிகைக் கூற்று. அது சார்பை நீக்குவதில்லை. சார்பு எங்கெங்கே உளதென்பதைக் காட்டி, சிலவற்றை நம் கைக்கு மீட்டுத்தருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டதைக் கண்ட சமூகத்திற்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. வீட்டிலுள்ள கணினியும் ஒரே இடமே. அதன் பிரதிகள் வேறிடங்களிலும் வைக்கப்படல் வேண்டும். பெயரின் பொறுப்பு தனியொருவரிடமன்றிக் கூட்டாகப் பேணப்படல் வேண்டும். அவ்வாறு செய்யப்படின், இயந்திரம் அழிந்தாலும் பெயர் பிறிதோர் இயந்திரத்தைச் சுட்டும். வாசகர் தேடிவந்ததைக் கண்டடைவர்.