காப்புக் கயிறும் ஷிப்ட் நேரமும்

சுரங்கம் வருவதற்கு முன் நெய்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் முடிச்சு என்பது ஊர்க் கட்டுப்பாடு. அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது. அவசரமாகப் போனாலும் இரவு தங்காமல் திரும்பிவிட வேண்டும். மஞ்சள் நூலில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்துப் பூசாரி மணிக்கட்டில் போடும் அந்த முடிச்சு, ஆளை மண்ணோடு சேர்த்துக் கட்டியது.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது பழுப்பு நிலக்கரி தலைகாட்டியது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். அதன்பின் ஊர்கள் ஒவ்வொன்றாகச் சுரங்கத்துக்குப் போயின. சாமியை எடுத்துப்போய் வேறிடத்தில் பிரதிஷ்டை செய்துவிடலாம். பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டிய வேப்பமரத்தை யார் எடுத்துப்போவது? அந்த மரத்தில் ஊர்ப் பெண்கள் போட்ட முடிச்சுகள் எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் ஏறாதவை.

நிறுவனம் கட்டிய நகரியத்தில் எல்லைச்சாமியின் இடத்தில் குடியிருப்பின் வட்டம் எண் வந்தது. இரவு ஷிப்ட் பார்க்கிறவர் திருவிழாவின் பத்து நாளும் எல்லைக்குள் காப்போடு எப்படி இருப்பார்? பலர் கடைசி ஓரிரு நாளுக்கு மட்டும் கட்டிக்கொள்கிறார்கள். வில்லுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரக் காவடி எடுப்பவர்களிலும் விடுப்பைப் பார்த்து விரதத்தை அமைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பக்தி குறைந்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். காலத்தின் கணக்கு இப்போது கோயிலின் கையில் இல்லை, அவ்வளவுதான்.

மந்திரித்துக் கட்டும் கயிற்றில்தான் மாற்றம் அதிகம். அன்று, பயந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய் உட்கார்ந்திருப்பாள். மந்திரிப்பவர் கருப்பு நூலைத் தொடையில் வைத்து உருட்டித் திரிப்பார். உதடு மட்டும் அசையும். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு முடிச்சு, அதன்மேல் வாயால் ஓர் ஊதல். அப்படி ஏழோ ஒன்பதோ போட்டு, பிள்ளையின் இடுப்பில் கட்டி, மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். தர்காவில் ஓதிக் கட்டும் கயிற்றுக்கும் இதே கைப்பழக்கம்தான். முடிச்சைக் கண்டு உலகம் அஞ்சியதும் உண்டு: முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கிலிருந்து காக்கும்படி வேண்டுகிறது குர்ஆனின் 113ஆம் அத்தியாயம். முடிச்சை நம்பி வாங்கியதும் உண்டு: வட ஐரோப்பாவின் மந்திரவாதிகள் மூன்று முடிச்சில் காற்றைக் கட்டி மாலுமிகளுக்கு விற்றதாக 1555இல் ஸ்வீடன் பாதிரியார் ஒலாஸ் மாக்னஸ் எழுதிவைத்தார். தாலிக்கு மூன்று முடிச்சு போடும் நமக்கு அந்த எண்ணிக்கை அந்நியமல்ல.

இன்று கருப்புக் கயிறு கடையில் அட்டையில் தொங்குகிறது. இழுத்தால் இறுகும், தளர்த்தினால் விரியும் முடிச்சு, மணிகூடக் கோத்திருக்கும். யாரும் ஊதவில்லை, யார் பெயரும் சொல்லப்படவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் வாங்குகிறவரின் பயம் கடைச்சரக்கு அல்ல. 2020 மே மாதமும் ஜூலை மாதமும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கொதிகலனைக் கயிறு தடுக்காது. அதற்குப் பராமரிப்பும் பாதுகாப்பும்தான் வேண்டும். வேலைக்குக் கிளம்புகிறவரின் கையில் அதைக் கட்டிவிடும் மனைவிக்கும் இது தெரியும். அவள் கைக்கு எட்டியது அந்த முடிச்சு ஒன்றுதான்.

பெரிய மனக்குறைக்கு இங்குள்ளவர்கள் அன்றும் இன்றும் போகும் இடம் விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். அங்கே பிராது கட்டுவார்கள். ஏமாற்றிய பங்காளி, திரும்பாத கடன், தீராத நோய் எல்லாவற்றையும் காகிதத்தில் மனுவாக எழுதி, சாமி முன் வைத்துப் பூசித்து, மடித்து நூலால் கட்டி, முனியப்பர் சன்னதி எதிரே நிற்கும் வேலில் தொங்கவிடுகிறார்கள். காரியம் கைகூடினால் மறுபடி வந்து பிராதை ‘ராஜினாமா’ செய்ய வேண்டும். காணிக்கையைக் கைப்பேசியில் அனுப்பிவிடலாம். முடிச்சுக்கு மட்டும் ஆள் நேரில் வந்தாக வேண்டும். முறையீடு, விசாரணை, முடித்துவைப்பு என்று அலுவலகத்தில் கிடைக்காத ஒழுங்கு இந்த நூலில் இருக்கிறது. நிலம் கொடுத்தவர்கள் மிகுந்த இந்தப் பகுதிக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

பிராதுக்கான கட்டணத்தை, மனுதாரரின் ஊர் கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துக் கணக்கிடுவது அங்கே வழக்கம். ஊரே சுரங்கமாகிவிட்டவருக்கு, இப்போது குடியிருக்கும் வீட்டிலிருந்து தூரம் கணக்காகும். அவருடைய வழக்கோ பழைய ஊரைப் பற்றியது.