தெரிவான பிள்ளையும் திரும்பி வந்த பிள்ளையும்



பதினைந்து, பதினாறு வயதில் ஒரு மகன் உங்கள் வீட்டில் இருந்தால் லமீன் யமால் என்ற பெயர் உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. ஒட்டுசுட்டானில் மாலை நேரம் பந்து உதைக்கும் பிள்ளைகளின் முதுகிலும் அந்தப் பெயர்தான். மாங்குளம் - முல்லைத்தீவு வீதியில் இருக்கும் இந்தச் சிற்றூருக்கும் ஸ்பெயினுக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். ஒரு கைபேசி போதும். நடுச்சாமத்தில் ஆட்டம் பார்க்கிறார்கள். விடிந்ததும் சந்தியில் நின்று, இவனை ஏன் எடுத்தான், அவனை ஏன் விட்டான் என்று வாதாடுகிறார்கள். விளையாட்டுத்தானே என்று நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த வாதத்தில் வந்து விழும் வார்த்தைகளை ஒருநாள் நின்று கேட்டுப் பாருங்கள்.

யமால் 2007 ஜூலை 13இல் பிறந்தவர். வாப்பா மொரோக்கோ நாட்டவர். உம்மா ஆபிரிக்காவின் எக்குவடோரியல் கினியைச் சேர்ந்தவர். குடியேறிகள் நிறைந்த ஓர் எளிய தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்து, ஏழு வயதில் பார்சிலோனா கழகத்தின் 'லா மாசியா' பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். பதினாறு வயது நிரம்பும் முன்பே, 2023 ஏப்ரல் 29இல், பெரியவர்களின் அணியில் இறக்கப்பட்டார். 2024 ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்குப் பாடசாலை வீட்டுப்பாடங்களையும் சுமந்துகொண்டு போனார். அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராகக் கோல் அடித்தார். 17 வயது நிரம்பிய மறுநாள் கிண்ணத்தைக் கையில் ஏந்தினார். 2025 ரமழானில் நோன்பாளியாக இருந்துகொண்டே பென்ஃபிகா அணிக்கு எதிராக ஆடி, கோலும் அடித்தார். அவருடைய எல்லாக் காரியங்களையும் முன்மாதிரி என்று நான் சொல்லவரவில்லை. 18ஆவது பிறந்தநாள் விருந்தைப் பற்றி எழுந்த கண்டனங்களை உங்கள் பிள்ளைகளே அறிவார்கள்.

இந்தப் பிள்ளையை ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. 2023இல் அவர் வாப்பாவின் நாட்டை விட்டு ஸ்பெயினுக்காக ஆடத் தீர்மானித்தபோது மொரோக்கோ ரசிகர்கள் பலர் மனம் நொந்தார்கள். சிலர் ஏசினார்கள். அவர் தெரிவு செய்த நாட்டிலோ, 2024 ஒக்டோபர் 26இல் மட்ரிட் மைதானத்தில் அவருடைய நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். 2025 செப்டெம்பரில் வேறு கதை. வலியோடு இருந்தவரை நோவு மாத்திரை கொடுத்து ஆடவைத்தார்கள் என்று பார்சிலோனாப் பயிற்றுவிப்பாளர் தேசிய அணியின் மீது குற்றஞ்சாட்டினார். நவம்பரில், தங்களுக்கு முன்கூட்டி அறிவிக்காமல் கழகம் அவருக்குச் சிகிச்சை செய்துவிட்டது என்று ஸ்பெயின் சம்மேளனம் குறைப்பட்டு, அவரை முகாமிலிருந்து விடுவித்தது. ரசிகர்கள் இரண்டு பட்டாளமாகப் பிரிந்து மோதினார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையின் காலுக்கு யார் சொந்தக்காரர் என்பதே வழக்கு! பிள்ளைக்கு வலி குறைந்ததா என்று கேட்ட குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

இப்படியொரு சலசலப்பை மதீனாவும் கண்டிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி நாட்களில் ஷாம் தேசத்துக்குப் புறப்படும் படைக்கு உஸாமா இப்னு ஸைத் (ரழி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். வயது ஏறக்குறைய பதினெட்டு. தந்தை விடுதலை பெற்ற அடிமை. தாய் உம்மு ஐமன், அபிசீனியப் பெண்மணி. படையிலோ உமர் (ரழி) போன்ற மூத்தவர்கள். சிலர் குறை பேசினார்கள். அது செவிக்கு எட்டியதும் நோயுற்றிருந்த நபியவர்கள் எழுந்து வந்து, முன்பு இவருடைய தந்தையின் தலைமையையும் நீங்கள் குறைசொன்னீர்கள், அவரும் தகுதியானவர், இவரும் தகுதியானவர் என்ற கருத்துப்பட மக்களுக்குக் கூறினார்கள். புஹாரியில் வரும் செய்தி இது. நபியவர்களின் மறைவுக்குப் பின் கலீபா அபூபக்கர் (ரழி) அந்தப் படையை வழியனுப்பியபோது உஸாமா வாகனத்தில் இருந்தார், கலீபா பக்கத்தில் நடந்து போனார். உமரை மதீனாவில் தம்முடன் நிறுத்திக்கொள்ள அந்த இளைஞரிடமே அனுமதியும் கேட்டார்கள். தெரிவான இளையவருக்கு ஒரு மூத்தவர் கொடுத்த மரியாதை அது.

நம் நாட்டுக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டி உதைகளில் வென்ற இலங்கை அணியில் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். இங்கே வெயிலில் ஓடியவனை விட்டு அங்கே பிறந்தவனை எடுப்பதா என்ற பேச்சு உண்டு. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதை வந்த பிள்ளையின் மீது கொட்டுவானேன்? இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன், லிவர்பூல் பயிற்சிக்கூடத்தில் இருந்து, பின்பு பார்ன்ஸ்லி கழகத்தில் வளர்ந்து, 2023 ஓகஸ்டில் 17 வயதில் அதன் முதல் அணியில் ஆடினார். இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் இந்த இடத்துக்கு வந்த முதல் தமிழர் என்று அவரைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பெருமை நம் பிள்ளைகளுக்கும் உண்டு. அவர் எந்த நாட்டுக்கு ஆடுவார் என்பதை அவருடைய வீட்டாருக்கு விட்டுவிடலாம்.

சகோதரிகளே, நான் அதிகம் நினைப்பது பெயர் வராத பிள்ளையைப் பற்றித்தான். வலய மட்டத்துக்கோ மாகாண மட்டத்துக்கோ தெரிவு நடக்கும். பட்டியலில் பெயர் இருக்காது. சப்பாத்தை மூலையில் எறிந்துவிட்டு சாப்பிடாமல் படுப்பான். அந்த நேரத்தில் நாம் சொல்லும் ஆறுதலே நஞ்சாகிவிடுவதுண்டு. "அவங்கட ஆக்களைத்தான் எடுப்பாங்க மகன்" என்கிறோம். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே மைதானத்தில் ஆடும் இடம் இது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின் திரும்பி வந்த குடும்பங்கள் நம்முடையவை. அந்த ஒரு வசனம் பிள்ளையின் மனதில் எத்தனை வருடம் கிடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அநீதி நடந்திருந்தால் பயிற்றுவிப்பாளரிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். அடுப்படியில் வைத்து விதைக்கக் கூடாது.

இப்னு உமர் (ரழி) அவர்கள் உஹதுப் போருக்குத் தம்மை முன்னிறுத்தியபோது வயது பதினான்கு. நபியவர்கள் அனுமதிக்கவில்லை. (பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாத காலம் ஒன்றை வன்னித் தாய்மார் பார்த்திருக்கிறார்கள்.) பதினைந்து வயதில் அகழ்ப்போருக்கு வந்தார், சேர்த்துக்கொண்டார்கள். முதல்முறை ஏன் திரும்பினோம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. காரணம் தெரிந்த பிள்ளை காத்திருக்கும்.

ஆகவே உங்கள் மகன் திரும்பி வந்த அன்று எதுவும் விசாரிக்காமல் சோற்றைப் போட்டுக் கொடுங்கள். இரண்டு நாள் போகட்டும். பிறகு வாப்பாவையோ நானாவையோ மைதானத்துக்கு அனுப்பி, பிள்ளையிடம் என்ன குறை, ஓட்டமா, இடது காலா, உயரமா, அடுத்த தெரிவு எப்போது என்று கேட்டுவரச் சொல்லுங்கள். பயிற்சி மஃரிபுக்கு முன் முடியுமா என்பதையும் அப்படியே கேட்டுக்கொள்ளலாம்.