பிலிம் கழுவும்போது ஏற்படும் சீரற்ற கறுமை

ஒரே அளவு வெளிச்சம் பட்ட பகுதி நெகட்டிவில் ஒரே அளவு கறுக்காமல், பட்டையாகவோ திட்டாகவோ வேறுபட்டு அமைவது சீரற்ற கறுமை எனப்படும். கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டில் கழுவுபவர்கள் அடிக்கடி சந்திக்கும் குறை இது. மரம், கூட்டம், கடைத்தெரு போன்ற படங்களில் இது கண்ணுக்குத் தப்பிவிடும். வானம், ஏரி நீர், சுவர் போன்ற வெற்றுப் பரப்புகளில் உடனே தெரியும். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் குடவோலை முறையைக் கூறும் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் படம் எடுப்பவருக்கு இது வெறும் அழகுக் குறை அன்று. பட்டை விழுந்த இடத்தில் எழுத்தின் வரிவடிவமே மங்கிவிடும். பிலிம் ஹைப்போவில் இறங்கிய பிறகு இதைத் திருத்த வழியில்லை.

வெப்பமும் நேரமும்

நம் ஊர்களில் இக்குறைக்கு முதன்மைக் காரணம் வெப்பம். பிலிம் பெட்டியிலும் டெவலப்பர் உறையிலும் அச்சிட்டிருக்கும் நேரங்கள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்கு உரியவை. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை அமைந்த உதகமண்டலத்தில் அந்த வெப்பநிலை எளிதில் கிடைக்கும். சித்திரை மாதத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்து மாடித் தொட்டித் தண்ணீரில் அதை எதிர்பார்க்க முடியாது.

வெப்பம் ஒரு பாகை கூடினால் கழுவும் நேரத்தைச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11 டெவலப்பரில், நீர் சேர்க்காமல், 20 பாகையில் கழுவ ஏழரை நிமிடம் ஆகும். 28 பாகையில் அது நான்கு நிமிடத்துக்கும் கீழே போய்விடும். டெவலப்பரை ஊற்றவே பத்து, பதினைந்து விநாடி ஆகிறது. முதலில் நனைந்த பகுதிக்குக் கிடைக்கும் அந்தச் சில விநாடி, நீண்ட நேரத்தில் பொருட்டல்ல. நான்கு நிமிடத்தில் பட்டையாகத் தெரியும். ஐந்து நிமிடத்துக்குக் குறைவான நேரத்தைத் தவிர்க்கவேண்டும் என்று பிலிம் நிறுவனங்கள் சொல்வதும் இதனால்தான்.

எளிய வழி, டெவலப்பருடன் சம அளவு தண்ணீர் சேர்ப்பது. அப்போது மேற்சொன்ன ஏழரை நிமிடம் 13 நிமிடமாகும். 28 பாகையிலும் ஐந்தரை நிமிடம் போல் கிடைக்கும். இதற்குமேல் வெப்பத்தையும் இறக்குவது நல்லது. இரவு முழுவதும் மண்பானையில் வைத்த தண்ணீர் விடியற்காலையில் போதிய அளவு குளிர்ந்திருக்கும். டேங்கையும் புட்டிகளையும் அகலமான பேசினில் நிறுத்தி, அந்த நீரில் ஐஸ் போடலாம். டெவலப்பருக்குள் ஐஸ் போடக் கூடாது. கரைசலின் அடர்த்தி மாறிவிடும். ஹைப்போவும் அலசும் நீரும் ஏறக்குறைய அதே வெப்பத்தில் இருக்கட்டும்.

வெப்ப நாடுகளுக்கான பழைய கலவைகளில், ஜெலட்டின் ஊதாமலிருக்கச் சோடியம் சல்பேட் சேர்ப்பார்கள். அதனால் கழுவும் நேரமும் நீளும். டெவலப்பரில் ஏற்கெனவே இருப்பது சோடியம் சல்பைட். வேதியியல் மாணவர்களே குழப்பிக்கொள்ளும் இரு பெயர்கள் இவை. கடையில் வாங்கும்போது கவனம் தேவை.

கலக்குதல்

டெவலப்பர் வேலை செய்யும்போது பிலிமிலிருந்து புரோமைடு வெளியேறுகிறது. அது வேலையை மந்தப்படுத்தும் பொருள். டேங்கை அசைக்காமல் வைத்தால் அது பிலிமின்மேல் கீழ்நோக்கி வழிந்து, வெளிறிய கோடுகளை விட்டுச்செல்லும். அளவுக்கு மீறிக் குலுக்கினால் ஓரத் துளைகளின் வழியே கரைசல் பீறிட்டு, துளைகளை ஒட்டிக் கூடுதலாகக் கறுக்கும். இல்ஃபோர்ட் கூறும் முறை: முதல் 10 விநாடியில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்தி, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அவ்வாறே செய்வது. ஒவ்வொரு முறையும் டேங்கைச் சற்றுத் திருப்பிப் பிடிக்க வேண்டும். பிறகு மேசையில் மெல்லத் தட்டினால் காற்றுக் குமிழ்கள் விலகும். குமிழ் ஒட்டிய இடம் நெகட்டிவில் வெளிறிய வட்டமாகவும், பிரிண்டில் கரும்புள்ளியாகவும் வரும்.

கரைசல் ரீலை முழுக்க மூடியிருக்க வேண்டும். டேங்கின் அடியில் குறித்துள்ள அளவைவிடக் குறைத்து ஊற்றுவது சிக்கனம் ஆகாது.

டெவலப்பருக்கு முன் பிலிமை வெறும் நீரில் நனைக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சமமாக நனையும் என்பார்கள் சிலர். இல்ஃபோர்ட் தன் பிலிம்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. சீரின்மைக்கு அதுவே காரணமாகலாம் என்கிறது. இல்ஃபோர்ட் பிலிமாக இருந்தால் அந்த வேலையை விட்டுவிடலாம்.

குறையை அடையாளம் காணுதல்

துளைகளுக்கு நேராகக் கோடுகள் திரும்பத் திரும்ப வந்தால் கலக்கியதில் பிழை. நீளவாக்கில் ஒரு ஓரம் மட்டும் வெளிறியிருந்தால் கரைசல் போதவில்லை. படச் சட்டத்தைத் தாண்டி, துளைகள் உள்ள ஓரம்வரை கருமை பரவியிருந்தால் பெரும்பாலும் ஒளிக்கசிவு. கேமராவின் பின்மூடியைப் பார்க்க வேண்டும். பால்போன்ற ஒளிபுகாத் திட்டு இருந்தால் ரீலில் ஏற்றும்போது இரு சுற்றுகள் ஒட்டியிருக்கின்றன. கோடையில் கறுப்புப் பைக்குள் கைகள் வியர்த்து, ரீல் ஈரமாகி, பிலிம் சிக்குவது வழக்கம். இரவில், வெளிச்சம் சிறிதும் நுழையாத அறையில், மின்விசிறிக் காற்றில் ஏற்றுவது எளிது.

முக்கியமான படங்களைக் கழுவும் முன், மேகமில்லாத வானத்தைக் குவியம் தவறவைத்து ஐந்தாறு படம் எடுத்து, அந்தத் துண்டை மட்டும் கழுவிப் பார்க்கலாம். வெள்ளைத் தாளின்மேல் பிடித்தால் பட்டையும் திட்டும் தானாகத் தெரியும்.