கூட்டாளி பக்கத்தில் இருந்தால் கணக்கு மாறும்

கணினித் திரையில் ஒரு கார் ஓடுகிறது. சிக்னலில் மஞ்சள் விளக்கு. நிறுத்தாமல் ஓட்டினால் புள்ளி ஏறும். சிவப்பு விழுந்தால் எதிரே சுவர் முளைக்கும், மோதினால் சேர்த்த புள்ளியெல்லாம் போச்சு. அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இது. தனியாக ஆடும்போது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கும் 24-ஐத் தாண்டியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டாளிகளைப் பக்கத்தில் உட்காரவைத்ததும் பெரியவர்கள் அசரவில்லை. பிள்ளைகள் எடுத்த ஆபத்து இரண்டு மடங்கைத் தாண்டியது. நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே பதின்வயது மூளையில் வெகுமதியை நாடும் பகுதி கூடுதலாகத் துடிப்பதை, 2011-இல் வந்த மூளை ஸ்கேன் ஆய்வு காட்டியது.

அப்படியானால் 'விவரம் தெரியாமல் செய்துவிட்டார்கள்' என்று பெரியவர்கள் சொல்வது பாதி உண்மைதான். விவரம் தெரியும், தேவைப்படும் நொடியில் கைகொடுப்பதில்லை.

கருத்தடையில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் பிசகாமல் ஆணுறை பயன்படுத்தினால் ஓர் ஆண்டில் 100 பெண்களில் 2 பேர் கருத்தரிப்பார்கள். நிஜ வாழ்க்கையில் 13 பேர். தினமும் விழுங்கவேண்டிய மாத்திரைக்கு இந்த எண்ணிக்கை 7. மேல்கையில் தோலுக்கு அடியில் வைக்கும் தீக்குச்சி அளவு இம்பிளான்டுக்கோ, ஒன்றுக்கும் குறைவு. வைத்தபின் யாரும் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம் என்பதே அதன் சூட்சுமம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 2007-இல் தொடங்கிய 'சாய்ஸ்' திட்டம் இதை நடைமுறையில் சோதித்தது. எல்லா முறைகளையும் விளக்கிச் சொன்னார்கள், எதைக் கேட்டாலும் இலவசம். 15 முதல் 19 வயது வரையிலான 1,404 பெண்களில் 72 சதவீதம் பேர் இம்பிளான்டையோ கருப்பைக்குள் பொருத்தும் சாதனத்தையோ (நம்மூர் காப்பர்-டி வகை) தேர்ந்தெடுத்தார்கள். இந்த வயதுப் பெண்களிடையே ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 34 கர்ப்பங்கள். பாலுறவு அனுபவம் உள்ள அதே வயது அமெரிக்கப் பெண்களில் 2008-இல் அது 158.5.

இங்கே அழுத்திச் சொல்லவேண்டியது 'தேர்ந்தெடுத்தார்கள்' என்ற சொல். 1990-இல் அமெரிக்காவில் நார்பிளான்ட் இம்பிளான்டுக்கு அனுமதி கிடைத்த கையோடு, கறுப்பின வறுமையைக் குறைக்க, அரசு உதவி பெறும் ஏழைத் தாய்மார்கள் அதை வைத்துக்கொள்ள ஊக்கத்தொகை தரலாம் என்று பிலடெல்பியா நாளிதழ் ஒன்று தலையங்கம் தீட்டி, பிறகு மன்னிப்புக் கேட்டது. வேண்டாமென்றால் உடனே எடுத்துவிடும் வசதி இல்லாத இடத்தில், இந்தக் கருவியைச் சாதனை என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இம்பிளான்ட் கருவைத் தடுக்கும், பால்வினை நோயைத் தடுக்காது. 2013-இன் அமெரிக்கப் பள்ளி மாணவர் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வில், இம்பிளான்டும் கருப்பைச் சாதனமும் வைத்திருந்த பெண்களிடையே ஆணுறைப் பயன்பாடு, மாத்திரை விழுங்குவோரைவிடச் சுமார் 60 சதவீதம் குறைவு. 'கர்ப்பம் ஆகாது' என்றதும் ஆணுறைக்கான காரணமே போய்விட்டதாக ஜோடியில் இருவரும் நினைத்துவிடுகிறார்கள் போலும். ஆலோசனை அறைக்கு வருவது பெரும்பாலும் பெண் மட்டும். ஆணுறையை எடுக்கவேண்டிய பையனிடம் யாரும் பேசியிருப்பதில்லை.