ஈன்ற நாளும் மூங்கில் துளியும்: புறநானூற்றின் 277ஆம் பாடல்

எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய புறநானூற்றில், மகனைப் போர்க்களத்தில் பறிகொடுத்த தாயின் மனநிலையை மிகச் சில சொற்களில் காட்டும் பாடல், பூங்கணுத்திரையார் இயற்றிய 277ஆம் பாடலாகும். ஆறே அடிகளாலான அப்பாடலில் மன்னன், நாடு, பகைவர் ஆகிய எவர் பெயரும் இல்லை. களிற்றைக் கொன்று மகன் தானும் மாண்டான் என்ற செய்தியும், அதைக் கேட்ட முதியவள் ஒருத்தியும் மட்டுமே உண்டு.

பாடல் தும்பைத் திணையைச் சார்ந்தது. தம் வலிமையை நிலைநாட்டுவதையே நோக்கமாகக் கொண்டு, தும்பைப் பூச் சூடி வேந்தர் பொருதலைக் கூறுவது தும்பைத் திணை. திணையின் உட்பிரிவாகிய துறை, இங்கே உவகைக் கலுழ்ச்சி, அதாவது மகிழ்ச்சியோடு கலந்த அழுகை. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆம் பாடலும் இதே துறையினதே. மகன் புறமுதுகிட்டான் என்று பிறர் சொல்லக் கேட்டு, வாளோடு களம் புகுந்து, வெட்டுண்டு கிடந்த அவனைக் கண்ட தாய், அவனைப் பெற்ற நாளினும் பெரிதும் மகிழ்ந்தாள் என்பதோடு அப்பாடல் முடிந்துவிட, பூங்கணுத்திரையாரோ மகிழ்ச்சியைக் கூறியபின் கண்ணீரையும் கூறியே பாடலை முடிக்கிறார்.

இவ்விரண்டையும் அவர் அளக்கும் முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. மகிழ்ச்சிக்கு அளவாக நிற்பது மகனை ஈன்ற ஒரு நாள். கண்ணீருக்கு அளவாக நிற்பவை, மழை பெய்தபின் அசையும் மூங்கிலில் தொங்கும் துளிகள். பிறந்த நாள் ஒன்றே. துளிகளோ எண்ணில் அடங்காதவை, மழை ஓய்ந்த பின்னும் காற்று அசைக்குந்தோறும் உதிர்பவை. தாயின் கூந்தல், மீனுண்ணும் கொக்கின் இறகைப் போல் நரைத்திருந்தது என்று தொடக்கத்திலேயே புலவர் கூறிவிடுவதால், இனியொரு மகனைப் பெறும் பருவத்தை அவள் கடந்துவிட்டாள் என்பதும், முதுமையில் தாங்க வேண்டியவனையே இழந்தாள் என்பதும் விளக்கமின்றியே புலனாகின்றன.

பொன்முடியாரின் 312ஆம் பாடலை இதனோடு ஒப்பிட்டால் பொருள் மேலும் தெளிவாகிறது. மகனைப் பெற்று வளர்ப்பது தாயின் கடமை என்று தொடங்கும் அப்பாடல், களிற்றை வீழ்த்தி மீள்வது அம்மகனின் கடமை என்று முடிகிறது. பூங்கணுத்திரையார் பாடிய மகன் களிற்றை வீழ்த்தினான், மீளவில்லை. நிறைவேறிய கடமைக்காக மகிழ்ச்சியும், நிகழாமற்போன மீட்சிக்காகக் கண்ணீரும் என்று கொண்டால், அவ்விரண்டும் ஒரே நெஞ்சில் எழுவதில் முரண்பாடு இல்லை.

இதனைத் தாயின் மறத்தைப் போற்றும் பாட்டாக மட்டும் கற்பித்தால், அதன் இறுதி அடிகள் பொருளற்றுப் போகின்றன. வீரமரணத்தைப் பெருமையாகக் கொண்டாடிய சமூகத்தின் நடுவிலிருந்துகொண்டே, அப்பெருமைக்குத் தாய் கொடுத்த விலையையும் கணக்கில் வைத்திருப்பதே இப்பாடலின் பெருமை.